தேங்காய் எழுந்து நின்றால் தண்ணீர் உறுதியா?

"உள்ளங்கையில் வைத்த குடுமித் தேங்காய் எழுந்து நின்றால் அடியில் நீரோட்டம் உறுதி. ஜெர்மனி விஞ்ஞானிகளே நிரூபித்துவிட்டார்கள்" என்று பல்லடம், காங்கேயம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

சோதனை நடந்தது உண்மைதான். 1987-88இல் மியூனிக்கில் ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து, மாடியில் நடந்த நீரோட்டம் பார்ப்பவர்களிடம் "எங்கே?" என்று கேட்டார்கள். சுமார் 500 பேரில் தேறிய 43 பேர், மொத்தம் 843 முறை. சிலருக்கு அந்தத் திறமை உண்டு என்றே ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். செய்தி அதோடு நின்றுவிடுகிறது. பிறகு அமெரிக்க விஞ்ஞானி ஜிம் என்ரைட் அதே எண்களை மறுபடி அலசினார்: ஒரு தடவை கச்சிதமாகச் சொன்னவரே அடுத்த தடவை கோட்டை விட்டிருந்தார். திரும்பச் செய்தால் நிற்காத முடிவை நிரூபணம் என்று சொல்வதில்லை.

தேங்காய் எப்படி அசைகிறது? நீரோட்டம் பார்ப்பவர் ஏமாற்ற வேண்டியதே இல்லை. எதிர்பார்ப்பே விரல் தசையைத் தானாக அசைக்கும். இங்கிலாந்தின் உடலியல் அறிஞர் வில்லியம் கார்பென்டர் 1852லேயே இதை விளக்கிவிட்டார்.

"எங்க தோட்டத்துல பலிச்சுதுங்களே" என்பார்கள். சரிதானுங்க. நம் பக்கம் கடும்பாறை, தண்ணீர் வெடிப்புகளில்தான். எங்கே துளைத்தாலும் சில போர் தேறும். ஆயிரம் அடி ஓட்டியும் வெறும் புகை பறந்த போர்களை யார் கணக்கு வைத்தார்கள்? அடுத்த முறை வருபவரின் கண்ணைக் கட்டி, அதே காட்டில் இரண்டு தரம் நடக்கவிட்டுப் பாருங்கள்.