நாலு மடங்கு, எதுக்கு நாலு மடங்கு?

"நாலு மடங்கு காசு குடுத்துட்டுத்தானே எடுக்குறாங்க, அப்புறம் என்ன அழுகை?"

சாலைக்கு நிலம் எடுக்கும் பேச்சு எப்போது வந்தாலும் எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் யாராவது இதைப் போட்டுவிடுவார்கள். நேற்றும் போட்டார்கள். அங்கே பதில் எழுதினால் குட்மார்னிங் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். அதனால் இங்கே. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சாலைக்கு எதிரி இல்லை. மாதம் இரண்டு முறை ஊருக்குப் போகிறவன். பைபாஸ் வந்த பிறகு முக்கால் மணி நேரம் மிச்சமாகிறது. அந்த பைபாஸுக்குள் எங்கள் பெரியப்பாவின் 62 சென்ட் கிடக்கிறது. அதன் மேல்தான் நானும் வண்டி ஓட்டிப் போகிறேன்.

நாலு மடங்கு என்பது எங்கிருந்து வந்தது? 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்திலிருந்து. முதலில் சந்தை மதிப்பு. கிராமத்து நிலமாக இருந்தால் அதை 1 முதல் 2 வரை ஓர் எண்ணால் பெருக்குவார்கள். எந்த எண் என்பது அரசு முடிவு செய்வது. வந்த தொகைக்குச் சமமாக இன்னொரு பங்கு, சொலேஷியம் என்று, அதாவது ஆறுதல் தொகை. ஆக, முழுசாக இரண்டால் பெருக்கினால்தான் நாலு மடங்கு.

சரி, அந்தச் சந்தை மதிப்பு எந்தச் சந்தையில் இருக்கிறது? பத்திரப் பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு ஒன்று. அக்கம்பக்கத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் பதிவான பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரி இன்னொன்று. இரண்டில் எது கூடுதலோ அது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் நிலம் கைமாறும் விலையும் பத்திரத்தில் ஏறும் விலையும் ஒன்றா? ஏக்கர் 30 லட்சத்துக்குப் பேசி முடிப்போம், பத்திரத்தில் 5 லட்சம் எழுதுவோம். அந்த 5 லட்சத்துக்கு நாலு மடங்கு போட்டாலும் 20தான் வருகிறது. போதாததற்கு, 2017 ஜூனில் தமிழ்நாடு முழுக்க வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். மனை வாங்கியவர்களுக்கு சந்தோஷம். அதற்கப்புறம் நிலம் எடுக்கும் அறிவிக்கை வந்த நிலத்துக்காரனின் கணக்கு எங்கே தொடங்கியிருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இதில் நம் கையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். பெரியப்பா இழப்பீட்டு விசாரணைக்குப் போய் "ஏக்கர் 30 லட்சம் போவுதுங்க" என்றபோது, பக்கத்துக் கொல்லையை அவர் வாங்கிய பத்திரத்தின் நகலையே எடுத்து முன்னால் வைத்தார்கள். "நீங்களே இவ்ளோக்குத்தானே வாங்கியிருக்கீங்க?" மனுஷன் ஒன்றும் பேசாமல் எழுந்து வந்துவிட்டார். முத்திரைத்தாள் செலவில் மிச்சம் பிடித்த காசு அன்றைக்கு வட்டியோடு போனது.

தொகை பிடிக்கவில்லை என்றால் மேலே போகலாமே? தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் அடுத்த படி நீதிமன்றம் இல்லை, நடுவர். அவரை நியமிப்பது மத்திய அரசு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர்தான். அதாவது நிலம் எடுக்கும் அரசே நடுவரையும் உட்கார வைக்கும். இது வெறும் சந்தேகமா என்று கேட்பவர்கள் ஹக்கீம் வழக்கில் 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் பார்க்கலாம். தமிழ்நாட்டு நிலங்கள். நில எடுப்பு அதிகாரி போட்டது சதுர மீட்டருக்கு 46 ரூபாய் 55 காசு முதல் 83 ரூபாய் 15 காசு வரை. ஏக்கர் கணக்கில் ஏறக்குறைய 1.9 லட்சத்திலிருந்து 3.4 லட்சம். நடுவரான ஆட்சியரும் அதையே போட்டார். மாவட்ட நீதிமன்றம் 645 ரூபாய் ஆக்கியது, ஏக்கருக்கு 26 லட்சம். உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? நடுவர் தீர்ப்பைத் திருத்தித் தொகையைக் கூட்ட நீதிமன்றத்துக்கு அதிகாரமே கிடையாது என்றது. ஆனாலும் அந்த வழக்குக்காரர்களுக்குக் கிடைத்ததில் கை வைக்கவில்லை. அவர்கள் தப்பித்தார்கள். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்குக் கதவு சாத்திக்கொண்டது. 2025 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டிருக்கிறது. சில வரம்புகளுக்குள் திருத்தலாமாம்.

ஆனால் காசைவிட எனக்கு ஆத்திரம் வருவது வேறொன்றில்.

பெரியப்பாவுக்கு விஷயம் தெரிந்தது டீக்கடையில். பேப்பரில் பொடி எழுத்தில் சர்வே எண்கள். யாரோ படித்துக்கொண்டிருந்தவர், "அண்ணே, இது உங்க நம்பர் மாதிரி இருக்குதே" என்றாராம். ஆட்சேபனை சொல்ல 21 நாள் அவகாசம். அந்த 21 நாள் எந்த நாளிலிருந்து என்று தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தைப் பாருங்கள்: கெஜட்டில், அதாவது அரசிதழில் வந்த நாளிலிருந்து. டீக்கடைக்கு கெஜட் வருமா? ஆட்சேபனையைக் கேட்பதும், பிறகு தொகையை நிர்ணயிப்பதும் அதே அதிகாரி. சாலை போகும் பாதைக்குக் கோடு போட்டு முடித்த பிறகுதான் நிலத்துக்காரனைக் கூப்பிடுகிறார்கள். கோட்டை நகர்த்து என்று கேட்கப் போனவன் கையில் அவார்டு தாளோடு, அதாவது இழப்பீட்டு உத்தரவோடு திரும்புகிறான்.

2013 சட்டம் இதைத்தான் சரிசெய்ய வந்தது. நிலம் எடுக்கும் முன்பே சமூகத் தாக்க மதிப்பீடு, ஊரில் பொது விசாரணை எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதன் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. 13 சட்டங்களுக்கு விலக்கு. அதில் தேசிய நெடுஞ்சாலைச் சட்டமும் ஒன்று. 2015 முதல் இழப்பீட்டுக் கணக்கையும் மறுவாழ்வு விதிகளையும் மட்டும் அவற்றுக்கும் கொண்டுவந்தார்கள், மதிப்பீடும் விசாரணையும் வரவில்லை. நம் மாநிலமும் சும்மா இருக்கவில்லை. மாநில நெடுஞ்சாலைச் சட்டம் உட்பட மூன்று சட்டங்களுக்கு விலக்கு வாங்கியது. 2019இல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றதும், அதே மாதமே அவற்றுக்கு உயிர் கொடுக்கச் சட்டமன்றத்தில் புது மசோதாவை நிறைவேற்றினார்கள், அந்த ஆண்டே அது சட்டமும் ஆனது. 2021இல் உச்ச நீதிமன்றமும் சரி என்றுவிட்டது. ஆக தேசிய சாலை, மாநிலச் சாலை, அதில் வரும் பாலம் எதற்கும் "உன் ஊர் என்ன ஆகும்?" என்று முன்கூட்டிக் கேட்க வேண்டிய கட்டாயம் நில எடுப்புச் சட்டப்படி இல்லை.

சேலம் எட்டுவழிச் சாலையில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 277 கிலோமீட்டர். அங்கே முதல் அறிவிக்கை மட்டும்தான் வந்திருந்தது. நிலம் சட்டப்படி இன்னும் விவசாயியுடையது. அதற்குள் வருவாய் ஆவணத்தில் பெயரை மாற்றிவிட்டார்கள். அறிவிக்கை செல்லும் என்று 2020 டிசம்பரில் சொன்ன உச்ச நீதிமன்றம்கூட, இந்தப் பெயர் மாற்றத்தை மட்டும் ஏற்கவில்லை. பழையபடி திருத்து என்றது. பட்டா நம் பேரில் இருக்கும்வரை தைரியம் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

"எல்லாரையும் கேட்டுக்கிட்டே இருந்தா பாலம் எப்போ கட்டுறது?" என்று வருவீர்கள், தெரியும். பாதியில் நிற்கும் ரயில்வே மேம்பாலங்கள் சிலவற்றைப் பாருங்கள். தண்டவாளத்துக்கு மேலே உள்ள பகுதியை ரயில்வே கட்டி முடித்திருக்கும். இரண்டு பக்கமும் ஏறுவதற்கான சாலைக்கு நிலம் வராமல் அது அந்தரத்தில் நிற்கும். அங்கே யாரையும் கேட்டுத் தாமதம் ஆகவில்லை. முதலிலேயே பேசாததால் கோர்ட்டில் நிற்கிறது.

பெரியப்பாவிடம் மீதி நிலம் இருக்கிறது. தென்னந்தோப்பு சாலைக்குக் கிழக்கே, அதற்குத் தண்ணீர் தரும் கிணறு மேற்கே. அளக்க வந்தபோதே, "ஐயா, ஒரு குழாய் போற அளவுக்கு அடியில வழி விட்டுருங்க" என்று கேட்டாராம். எழுதிக் கொடுங்கள் என்றார்கள், எழுதியும் கொடுத்தார். சாலை எட்டடி உயரத்தில் வந்தது, வழி வரவில்லை. இப்போது கிழக்கே தனியாக போர்வெல் போட்டிருக்கிறார். அவார்டு காசில்தான்.