அந்தக் கத்திக்கு முலாம் பூசியது யார்?

பசிபிக் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் நினைவுப் பொருளாகக் கொண்டுவந்த ஜப்பானிய பயனெட்டுகள் (துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்திகள்) இன்று அவர்களுடைய பிள்ளைகளின் வீடுகளில் இருக்கின்றன. அவற்றைச் சேகரிக்கும் என்னிடம், இங்கே எங்கள் தெருவில் வசிக்கும் பெரியவர் ஒருவர், தம் தந்தை விட்டுச்சென்ற இரண்டைக் கொண்டுவந்து காட்டினார். ஒன்றின் அலகு கறுப்பு. மற்றொன்று முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது.

இரண்டும் 30-ஆம் வகையைச் சேர்ந்தவை. ஜப்பானியப் பேரரசர் மெய்ஜியின் ஆட்சியில் 30-ஆவது ஆண்டான 1897-இல் ஏற்கப்பட்டதால் அந்தப் பெயர் வந்தது. ஏறத்தாழ 40 செ.மீ. நீளமுள்ள அதன் அலகு, தொடக்கத்தில் மெருகேற்றிய வெண்ணிற எஃகாகவே வந்தது. வெளிச்சம் பட்டு மின்னாமல் இருக்கப் பின்னாளில் கருமை ஏற்றினார்கள். போர் முற்ற முற்ற, பிடிக்கும் அலகுக்கும் நடுவேயுள்ள கைக்காப்பின் கொக்கி நேர்க்கட்டையாகி, அலகின் நீளவாக்கில் ஓடும் பள்ளமும் கைவிடப்பட்டது. பெரியவரின் பளபளத்த கத்தியில் கொக்கியும் இல்லை, பள்ளமும் இல்லை. அதாவது அது அலகுக்குக் கருமை ஏற்றிய பிற்காலத்துக் கத்தி. ஆகவே அந்தப் பளபளப்பு தொழிற்சாலையில் வந்ததாக இருக்க முடியாது. உருப்பெருக்கியால் பார்த்தபோது துருப்பிடித்த குழிகளுக்குள்ளும் குரோமியம் இறங்கியிருந்தது. கத்தியில் பொறித்த தயாரிப்பு முத்திரையின் கோடுகள் முலாமில் மழுங்கியிருந்தன.

இத்தகைய கத்திகளை "அரிய அணிவகுப்பு வகை" என்று சொல்லி விற்பவர்களை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். ஆனால் முலாம் பூசியதாலேயே குப்பை என்று ஒதுக்குவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. முன்னாள் படைவீரர்கள் தங்கள் சங்க ஊர்வலங்களில் ஏந்திச் செல்வதற்காகக் கைப்பற்றிய ஆயுதங்களுக்கு முலாம் பூசிக்கொண்டதுண்டு. இந்தப் பெரியவரும், சிறுவயதில் தந்தை கொடிக்குப் பக்கத்தில் அந்தக் கத்தியோடு நடந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். எனக்கு அந்த ஒரு வாக்கியம் முத்திரையைவிடப் பெரிய சான்று.

முலாமை உரித்துவிட்டுக் கறுப்பு ஏற்றலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். உரிக்கும்போது முத்திரையின் விளிம்பு இன்னும் தேயும். புதிதாக ஏற்றும் கறுப்பு பழைய குழிகளுக்குள்ளும் படிந்து, அடுத்துப் பார்ப்பவரை ஏமாற்றும். கறுப்புக் கத்தியில் உறையோடு உரசி வெளுத்த இடங்களையும் தொட வேண்டாம் என்றேன். அசல் பூச்சு என்று நான் நம்புவதற்கு அந்த வெளுப்பே காரணம். மெல்லிய எண்ணெய் துடைப்பு போதும்.

ஊர்வலத்தில் பார்த்ததை ஒரு தாளில் தம் கையெழுத்தில் எழுதி, பளபளப்பான கத்தியின் உறையோடு கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.