லேபிள்ல ரீஃபில் மூணு, கவுன்ட்டர்ல பட்டை நாமம்

மாத்திரை டப்பா லேபிள்ல கொட்டை எழுத்துல "ரீஃபில் 3"ன்னு இருக்கு, அதாவது அதே சீட்டுக்கு இன்னும் மூணு தடவை மருந்து வாங்கலாம். ஃபார்மசி கவுன்ட்டர்ல "ரீஃபில் இல்லை"ங்கிறாங்க. டப்பாவைத் திருப்பிக் காட்டுங்க. வாங்கி உத்துப் பார்ப்பாங்க, அப்புறம் கம்ப்யூட்டரைப் பார்ப்பாங்க, மறுபடி டப்பா, மறுபடி கம்ப்யூட்டர். கடைசியில தீர்ப்பு: "மூணு பாக்கி இருக்கு. ஆனா பிரிஸ்கிரிப்ஷன் காலாவதி." எப்போ? நாலு நாளைக்கு முன்னாடி!

அமெரிக்காவுல தூக்கத்துக்கு சோல்பிடெம், பதட்டத்துக்கு அல்பிரசோலம்னு வாங்குற அத்தனை பேருக்கும் இந்தக் காட்சி மனப்பாடம். இது மாதிரி மூணாம், நாலாம் ஷெட்யூல் (பழக்கமாகிடக்கூடிய மருந்துகளை அரசு பிரிச்சு வெச்சிருக்கிற பட்டியல்) மருந்துன்னா ஃபெடரல் விதிப்படி அதிகபட்சம் 5 ரீஃபில், இல்லேன்னா 6 மாசம். எது முன்னாடி முடியுதோ அதோட சரி. அந்த 6 மாசமும் நீங்க முதல் டப்பா வாங்கின நாள்லேருந்து கிடையாது, டாக்டர் எழுதின தேதியிலேருந்து. பிரஷர் மாத்திரைக்குப் பெரும்பாலான மாநிலங்கள்ல ஒரு வருஷம் ஓடுதேன்னு அதே நினைப்புல இருந்தா போச்சு.

இதுல அடி வாங்குறது யாருன்னு பாருங்க. ஜனவரி 10 எழுதினது, 30 மாத்திரை, 5 ரீஃபில். தினம் ஒண்ணு முழுங்குறவருக்கு ஆறு டப்பா, 180 நாள், கச்சிதம். "தேவைப்பட்டா மட்டும்"னு டாக்டர் சொன்னதை வேதவாக்கா எடுத்துக்கிட்டு வாரத்துக்கு மூணு நாலு ராத்திரி மட்டும் போட்டவர்? ஜனவரி 10, மார்ச் 12, மே 13. நாலாவது டப்பாவுக்கு ஜூலை 14 போய் நிப்பார். ஜூலை 10-லயே கதவைச் சாத்தியாச்சு. குறைச்சலா முழுங்கின குத்தத்துக்கு 90 மாத்திரை அம்போ.

லேபிள்ல தேதி போடலையான்னா, மூணு போட்டிருக்கான் மகராசன்! நிரப்பின தேதி, மருந்தைத் தூக்கிப் போட வேண்டிய தேதி, ரீஃபில் கெடு. கண்ணுல படுறது ரெண்டாவதுதான். அது பெரும்பாலும் ஒரு வருஷம் தள்ளி இருக்கும், நிம்மதியாத் தூங்கலாம். கெடு மட்டும் எறும்பு எழுத்துல ஒரு ஓரமா.

ஆப்ல பட்டனை அமுக்கினா "கோரிக்கை பெறப்பட்டது". பெத்து என்ன பண்ணீங்க? டாக்டர் ஆபீஸுக்கு ஒரு ஃபேக்ஸ், அது அங்க எந்தக் கட்டுக்கு அடியிலயோ. செத்த சீட்டை யாராலும் நீட்டிக்க முடியாது, புதுசுதான் வேணும். நீங்களே போன் போட்டு "புது பிரிஸ்கிரிப்ஷன்"னு சொல்லுங்க. வாய் தவறி "ரீஃபில்"னுட்டா, ஃபார்மசியைக் கேளுங்கன்னு வெச்சிடுவாங்க. வேற ஃபார்மசிக்கு மாத்துறதும் பொதுவா ஒரே ஒரு தடவைதான். மாத்தினாலும் கெடு தேதி வால் மாதிரி கூடவே வரும்.

ரெண்டாம் ஷெட்யூல்காரங்க இதைப் படிச்சா, "உங்களுக்கு ரீஃபில்னு ஒண்ணு இருக்கா?"ன்னு சிரிப்பாங்க. கவனக்குறைவுக்குக் குடுக்கிற அடரால், வலிக்குக் குடுக்கிற ஆக்சிகோடோனுக்கெல்லாம் ரீஃபிலே கிடையாது. டாக்டர் மனசு வெச்சா மொத்தம் 90 நாளுக்குத் தனித்தனிச் சீட்டா எழுதலாம், ஒவ்வொண்ணுலயும் எந்த நாளுக்கு முன்னாடி தரக்கூடாதுன்னு குறிச்சு. சரக்கு இல்லாம 30-க்கு 12 கொடுத்தா, மீதி 18-ஐ 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும். வரலையா? அந்த 18-க்கும் புதுச் சீட்டு. இதே 12-ஐ நீங்களா "கொஞ்சமா குடுங்க"ன்னு கேட்டு வாங்கியிருந்தா, மாநில விதி தடுக்காதவரைக்கும், எழுதின தேதியிலேருந்து 30 நாள் அவகாசமாம்! இல்லாததுக்கு மூணு நாள், வேண்டாம்னதுக்கு முப்பது நாள். இதை உக்காந்து யோசிச்சவருக்கு எந்த மாத்திரை எழுதிக் குடுக்கிறதுன்னு தெரியலை.

எல்லாம் தாண்டிப் புது டப்பா கைக்கு வந்தா, கட்டை விரல் அளவு டப்பாவுக்கு ஒரு காகிதப் பை, அதோட வாயில நாலு ஸ்டேப்ளர் பின். பிரிக்கிறப்போ விரல்ல குத்துது, எப்படி எத்தனை வேளைன்னு அச்சடிச்ச தாள் சரியா நடுவுல கிழியுது. நாலு பின் எதுக்குய்யா? மாத்திரை எழுந்து ஓடிடுமா?