பஜனை நோட்டு

போன வாரம் எங்கள் சபை வாலிபர் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எனக்கு நாற்பத்தாறு வயது. வாலிபன் என்று சொல்லிக்கொண்டு அங்கே உட்காரும் தகுதி போய் வெகு காலமாகிறது. முன்னாள் செயலாளர் என்கிற மரியாதைக்காகக் கூப்பிட்டிருந்தார்கள். மேசை மேல் ஒரு நீள நோட்டு கிடந்தது. கிறிஸ்மஸுக்கு முன் வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கீதபவனிக்கு இந்த ஆண்டு போகவேண்டிய வீடுகளின் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் போன மூன்று ஆண்டுகளில் அந்த வீடு கொடுத்த தொகை, பக்கத்தில் இந்த ஆண்டுக்கான காலிக் கட்டம். ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்த வீடுகளுக்குச் சிவப்பு மையில் புள்ளி. புள்ளி வைத்த வீட்டில் மூன்று பாட்டு, மற்ற வீட்டில் ஒரு பாட்டு. ஜெபமும் அந்த விகிதத்தில்தான் என்று நினைக்கிறேன்.

புரட்டிப் பார்த்தேன். கிழக்குத் தெருவின் கடைசியில் இருக்கும் ஓட்டு வீட்டைக் காணவில்லை. எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி அங்கே தனியாக இருக்கிறார்.

"அந்தச் சந்துக்குள் வண்டி போகாது அண்ணாச்சி" என்றான் செயலாளர்.

வண்டி என்றால் ஜெனரேட்டர், நான்கு ஒலிபெருக்கிப் பெட்டிகள், கீபோர்டு, தெர்மாகோல் குடில், கிறிஸ்மஸ் தாத்தா எல்லாம் ஏறிய மினி லாரி. மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரைப் பற்றிப் பாடப் போகிற வண்டி, மாட்டுத் தொழுவம் இருக்கிற சந்துக்குள் நுழையாது. இதை அங்கேயே சொல்லிக் காட்டிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அந்த நோட்டில் முதன்முதலில் கட்டம் போட்டவன் நான்.

2003 இல் நான் செயலாளர். கீபோர்டு வாங்கப் பணம் போதவில்லை. எந்த வீடு எவ்வளவு கொடுத்தது என்று எழுதி வைத்தால் அடுத்த ஆண்டு குறையாது என்று யோசனை சொன்னேன். எல்லாரும் பாராட்டினார்கள். குறையவும் இல்லை. நோட்டுகள் மாறினாலும் கட்டம் மாறாமல் இருபத்திரண்டு ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. ஆகவே இந்தப் பதிவைப் படித்துவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளைக் குறை சொல்கிறான் என்று யாரும் கிளம்பிவர வேண்டாம்.

நான் சொல்ல வருவது அட்வெந்து காலத்தைப் பற்றி. கத்தோலிக்க நண்பர்கள் திருவருகைக் காலம் என்பார்கள். அழகான சொல், பொறாமையாகக்கூட இருக்கிறது. கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் இதில் அடங்கும். நவம்பர் 30, இயேசுவின் சீடர் அந்திரேயாவின் திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறு முதல் ஞாயிறு. இந்த ஆண்டு (2025) அந்தத் தேதியே ஞாயிறாக அமைந்தது. அன்று ஆலயத்தில் பீடத்துணி ஊதா நிறத்துக்கு மாறும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலத்துக்கும் இதே ஊதாதான். காரணம் இல்லாமல் இல்லை. ஐந்தாம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சில் உள்ள தூர் நகரத்தின் ஆயர் பெர்பெத்துவஸ், நவம்பர் 11 முதல் கிறிஸ்மஸ் வரை வாரத்துக்கு மூன்று நாள் உபவாசம் என்று விதித்தார். வயிற்றைக் காயப்போட்டு, வாயை மூடி, வருகிறவருக்காக வீட்டைக் கூட்டி வைக்கிற காலமாகத்தான் இது தொடங்கியது.

நாங்கள் என்ன செய்கிறோம்? டிசம்பர் முதல் வாரத்தில் பெண்கள் ஐக்கியத்தின் கிறிஸ்மஸ். அடுத்து ஓய்வுநாள் பள்ளிக் கிறிஸ்மஸ், அதில் கட்டாயம் ஓர் ஏரோது வந்து கத்துவான். ஆண்கள் ஐக்கியத்தின் கிறிஸ்மஸ், பாடகர் குழுவின் கேரல் ஆராதனை, தெருவுக்குத் தெரு கிறிஸ்மஸ் மரம், வாலிபர் விளையாட்டுப் போட்டி, வேத வினாடி வினா, எல்லாவற்றுக்கும் நடுவில் கீதபவனி. ஒவ்வொன்றிலும் கேக், ஒவ்வொன்றிலும் பிரியாணி. 25 ஆம் தேதி அதிகாலை நான்கு மணி ஆராதனைக்கு வந்து நிற்கும்போது பாடகர் குழுவில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருக்கும். 26 ஆம் தேதி காலையில் நட்சத்திரத்தைக் கழற்றிவிடுவோம். திருச்சபை நாட்காட்டிப்படி கிறிஸ்மஸ் காலம் 25 ஆம் தேதிதான் தொடங்குகிறது, ஜனவரி 5 வரை ஓடுகிறது என்று சொன்னால் வீட்டிலேயே என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். காத்திருக்க வேண்டிய நாட்களில் தின்று தீர்த்துவிட்டுக் கொண்டாட வேண்டிய நாட்களில் அஜீரண மாத்திரை விழுங்குகிறோம்.

பாமாலைப் புத்தகத்தில் வருகையின் காலத்துக்கென்றே பாடல்கள் இருக்கின்றன. கிறிஸ்மஸ் பாட்டின் துள்ளல் அவற்றில் இராது. இருட்டில் உட்கார்ந்து வாசலைப் பார்த்திருப்பவனின் குரல் அது. எங்கள் ஆலயத்தில் அவற்றில் இரண்டைத்தான் முதல் ஞாயிற்றில் பாடுகிறோம். இரண்டாம் ஞாயிறே கீபோர்டில் கிறிஸ்மஸ் தாளம் வந்துவிடுகிறது. ஐயரும் என்ன செய்வார்? (எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம், வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.) ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சேகரத்தில் பத்துப் பன்னிரண்டு சபைகள். டிசம்பரில் அவர் ஒரே இரவில் மூன்று ஊர்களில் கேக் வெட்டியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், அட்வெந்து ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றுகிற மலர்வளைய மெழுகுவர்த்தியும் எங்களிடம் வந்து சேர்ந்தது. பிளாஸ்டிக் இலை வளையம், மூன்று ஊதா, ஒரு ரோஜா நிறம். ரோஜா நிறம் மூன்றாம் ஞாயிற்றுக்கு. இதை எந்தக் குடும்பம் ஏற்றுவது என்பதில் முதல் ஆண்டே மனத்தாங்கல். கடைசியில் அதற்கும் ஒரு பட்டியல், அந்தப் பட்டியலுக்கும் ஒரு வாசனை. அந்த வளையம் எங்கே பிறந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற போதகர், 1839 இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து அதில் மெழுகுவர்த்திகளை நட்டாராம். ஞாயிறுகளுக்கு நான்கு பெரியவை, மற்ற நாட்களுக்குச் சின்னச் சின்னச் சிவப்பு. பிள்ளைகள் நாளை எண்ணிக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வண்டிச் சக்கரம்! எங்கள் ஊரில் கட்டை வண்டிச் சக்கரம் எத்தனை வீட்டுப் பின்கட்டில் மழையில் மக்கிக் கிடக்கிறது! நாங்கள் பிளாஸ்டிக் இலைக்குத் திருநெல்வேலி வரை போய்வந்தோம்.

என் சிறு வயதில் கீதபவனி என்று யாரும் சொல்லமாட்டார்கள். பஜனை. அதிகாலை நான்கரை மணி. ஆர்மோனியத்தைத் துண்டால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒருவர், டோலக், கஞ்சிரா, ஜால்ரா, முன்னால் ஒரு பெட்ரோமாக்ஸ். பாடுவது பெரும்பாலும் கீர்த்தனைகள். திருநெல்வேலியில் 1774 இல் பிறந்து, ஜெர்மானிய மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூர் போய் வளர்ந்து, பிறகு சரபோஜி மன்னரின் ஆதரவையும் பெற்ற வேதநாயகம் சாஸ்திரியாரின் மரபு அது. புத்தகத்தில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். எங்கள் ஆர்மோனியக்காரருக்கு அந்த எழுத்து தேவைப்பட்டதே இல்லை. மார்கழி பிறந்துவிட்டால் அந்தப் பக்கம் பெருமாள் கோயில் பஜனையும் கிளம்பும். குளத்தங்கரையில் சில நாள் இரண்டும் எதிரெதிரே வரும். எங்கள் பெரியவர் ஜால்ராவை நிறுத்தக் கை காட்டுவார். அவர்களும் குரலைத் தாழ்த்துவார்கள். கடந்து போனதும் இரண்டு பக்கமும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பிறகு பள்ளிக்கூடத்தில் சந்தித்துக்கொள்வோம். உங்கள் டோலக் கேவலம் என்று அந்தப் பக்கத்துப் பையன் சொல்வான், உங்கள் பொங்கல் மட்டும் நன்றாக இருந்தது என்று நான் சொல்வேன். எந்த வீட்டிலும் பணம் வாங்கியதாக எனக்கு நினைவில்லை. கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி கிடைக்கும். அந்தக் கிழக்குத் தெருக் கடைசி வீட்டில் கட்டாயம் கிடைக்கும்.

பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பஜனையில் பெண்பிள்ளை ஒருத்தியும் கிடையாது. இன்றைக்கும் பெரிய மாற்றமில்லை என்பது வேறு விஷயம்: பாடல் பயிற்சி முழுவதும் பெண்பிள்ளைகள் குரலில் நிற்கும், லாரி கிளம்பும்போது ஒன்பது மணிக்கு அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். ஆண்பிள்ளைகளோ இரவு இரண்டு மணி வரை சுற்றிவிட்டு அரையாண்டுத் தேர்வுக்குப் போவார்கள். ஊரில் டிசம்பர் முழுக்க இருப்பது பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் மட்டும்தான். வேலைக்குப் போனவர்கள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் 23 ஆம் தேதிதான் வந்து இறங்குகிறார்கள். தேர்வு எழுதுகிற பிள்ளையின் தலையில் வசூல் இலக்கையும் ஏற்றிவிட்டு, வாலிபர்கள் சபையில் நிலைப்பதில்லை என்று ஆண்டுக் கூட்டத்தில் அழுகிறோம்.

2023 டிசம்பர் 17. மூன்றாம் ஞாயிறு, ரோஜா நிற மெழுகுவர்த்தி. அன்றைக்குத்தான் மார்கழி முதல் தேதியும். அன்று இரவு கீதபவனி, லாரிக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. காலை ஆராதனையிலேயே மழைச் சத்தத்தில் பிரசங்கம் கேட்கவில்லை. தூத்துக்குடி மாவட்டக் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்று பிறகு தெரிந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நாங்கள் பார்க்கவில்லை. எங்களுக்கு மின்சாரமும் இல்லை, போன் சிக்னலும் இல்லை. தாமிரபரணி வாழைத்தோட்டம் வழியாகத் தெருவுக்கு வந்து, கீழத்தெருவில் இடுப்பளவு நின்றது.

எங்கள் கோயில் (ஆலயத்தை அப்படியும் சொல்வோம்) மேட்டில் இருக்கிறது. ஆலயத்தைப் பராமரிக்கும் கோயில்பிள்ளை யாரையும் கேட்காமல் மணியை அடித்தார், நிறுத்தாமல் அடித்தார். சாதி சமயம் பார்க்காமல் ஜனம் ஏறி வந்தது. கீதபவனிக்கென்று நிறுத்தியிருந்த லாரி, டீசல் இருந்த வரைக்கும் ஆளேற்றியது. பாட்டுக்கு வாங்கிய ஜெனரேட்டரில் தண்ணீர் மோட்டார் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்த பயல்கள், கழுத்தளவுத் தண்ணீரில் அண்டாவை மிதக்கவிட்டு அதில் கைக்குழந்தைகளை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெண்பிள்ளைகளை அன்றைக்கு ஒன்பது மணிக்கு யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. வந்தவர்களில் யாருக்கு இன்சுலின் வேண்டும், எந்தக் குழந்தைக்குப் பால் வேண்டும் என்று எழுதி வைத்ததும், சமையல் கணக்குப் பார்த்ததும் அவர்கள்தான். நான்கு நாள் கஞ்சியும் ஊறுகாயும். பாட்டே இல்லை. இரவில் ஒரு மெழுகுவர்த்தி. மலர்வளையத்திலிருந்து பிடுங்கியது, அந்த ரோஜா நிறம். எல்லாரும் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். படகு வருமா, அடுத்த தெருக்காரன் வருவானா, தண்ணீர் வடிந்ததா என்று பார்த்து வரப் போனவன் திரும்புவானா.

அந்த ஆண்டு நான்காம் ஞாயிறே 24 ஆம் தேதி. கோயிலில் சேறு அள்ளி, பிளீச்சிங் பவுடர் தூவி, ஈரப்பாயின் வாடையோடு பண்டிகை ஆராதனை நடத்தினோம். நட்சத்திரம் கட்டவில்லை. அட்வெந்து என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்த ஒரு வாரத்தில்தான். புரிந்துகொள்ள வெள்ளம் வரவேண்டியிருந்தது என்பதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். மூன்று ஆண்டுத் தொகை என்று சொன்னேன் அல்லவா? உண்மையில் இரண்டுதான். 2023 க்கான கட்டம் ஒவ்வொரு பெயருக்கும் காலியாக இருந்தது. மேலே பென்சிலில் "வெள்ளம்" என்று மட்டும் எழுதியிருந்தது. நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். ஈரத்தில் ஊறிக் காய்ந்து அப்பளம்போல் நெளிந்த தாள்கள். அந்த நான்கு நாள் கணக்கு. யார் என்ன கொடுத்தார்கள் என்று ஒரு பெண்பிள்ளையின் குண்டு எழுத்து: பள்ளிவாசல் தெருவிலிருந்து அரை மூட்டை அரிசி, ஆசாரி வீட்டு அண்ணன் விறகு, கடைக்காரர் பிஸ்கட் மூன்று பெட்டி. ஐந்தாவது வரி: கிழக்குத் தெருக் கடைசி வீட்டுப் பாட்டி, அரிசி இரண்டு படி, கருப்பட்டி நான்கு வட்டு, சுக்கு.

முன்பக்கத்தில் இடமில்லாத வீடு.

நோட்டைச் செயலாளரிடம் நீட்டினேன். அவன் வாசித்தான். பக்கத்தில் இருந்த பொருளாளர்ப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "என் எழுத்துதான்" என்றாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வழக்கம்போல் சண்டை. லாரி வேண்டாம் என்று நான் சொன்னேன். வசூல் இல்லாவிட்டால் இரண்டு பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தை யார் கட்டுவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட வீணாகவில்லை என்பது எனக்குத் தெரியும். கட்டணத்துக்கென்று காணிக்கை உறை கொடுங்கள், கோயிலில் அறிவியுங்கள், பாட்டோடு சேர்த்துக் கட்டாதீர்கள் என்றேன். சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கு எடுத்து வைக்கிற, பெண்கள் ஐக்கியத்தில் முன்பு இருந்த பிடி அரிசி வழக்கத்தை இந்த நான்கு வாரம் மட்டும் திரும்பக் கொண்டுவரலாம், புதன்கிழமை ஒரு வேளை சோற்றை விட்டு அந்த அரிசியைக் கொடுக்கலாம் என்றும் சொன்னேன். "நீங்கள் முதலில் பிரியாணியை விடுங்கள் அண்ணாச்சி" என்று ஒருவன் சொன்னான். சிரித்துவிட்டேன், அவன் சொன்னது சரி.

முடிவு இதுதான். லாரி போகும், கமிட்டி விடவில்லை. சிவப்புப் புள்ளி எடுக்கப்படும், எல்லா வீட்டுக்கும் ஒரே ஒரு பாட்டு. டிசம்பர் 20, சனிக்கிழமை அதிகாலை நான்கரைக்கு மட்டும் வண்டி இல்லாத பஜனை ஒன்று, பெண்பிள்ளைகளும் வருவார்கள், கிழக்குத் தெருக் கடைசியிலிருந்து ஆரம்பம். வருகையின் காலப் பாட்டுகள் மட்டும். உண்டியல் கிடையாது.

ஆர்மோனியம் கிடைத்துவிட்டது. டோலக் அடிக்கப் பெருமாள் கோயில் பஜனைக்காரர் மகன் வருகிறேன் என்கிறான், அவனுடைய அப்பாவிடம் நான் போய்ப் பேசவேண்டும். எங்கள் வீட்டுப் பரணில் இருந்த கஞ்சிராவின் தோலை எலி கடித்திருக்கிறது. ஏரல், நாசரேத் பக்கம் யாரிடமாவது நல்ல கஞ்சிரா இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். இரண்டு நாளில் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.