வெண்பா எழுதப் போகச் சொன்ன மேடைக்கு

அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் இனி நாகர்கோவிலில் யாரும் இருக்கமாட்டார்கள் என்பதால் முழுக்கதையும் சொல்லவில்லை. ஒரு கல்லூரி அரங்கில், மேடையில் இருந்தவரிடம் ஒரு மாணவி கேள்வி கேட்ட வீடியோதான். கல்லூரி பெயரோ மேடையில் இருந்தவர் பெயரோ இங்கே வேண்டாம். அந்தப் பிள்ளை கேட்டது இவ்வளவுதான்: "சார், ஒரு புரோகிராம் சரியாத்தான் இருக்குன்னு டெஸ்ட் பண்ணாமலே நிரூபிக்க முடியுமா?" பதிலுக்கு மேடையில் இருந்தவர், "நீ என்ன மேஜர்?" பி.ஏ. தமிழ் என்றாள். "அப்போ போய் வெண்பா எழுதும்மா." அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த ஆசிரியர்களும் சேர்ந்து சிரித்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி. அந்தக் கேள்விக்கு விடை சொன்ன மனுஷன் என்ன மேஜர் என்று மேடைக்குத் தெரியுமா?

டோனி ஹோர். பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் அறிஞர். 1934-இல் கொழும்பில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தது லத்தீன், கிரேக்கம், தத்துவம். பிறகு கடற்படையில் கட்டாயச் சேவை, அங்கே ரஷ்ய மொழி. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது இயந்திர மொழிபெயர்ப்பில், அதாவது கம்ப்யூட்டரை வைத்து மொழிபெயர்க்கும் வேலையில் இறங்கினார். ரஷ்ய வாக்கியத்தின் சொற்களை அகரவரிசைப்படுத்தினால்தான் காந்த நாடாவில் இருக்கும் அகராதியில் ஒரே ஓட்டத்தில் தேட முடியும். அந்தத் தேவையில் பிறந்ததுதான் குவிக்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறை. அரங்கில் சிரித்த அத்தனை இன்ஜினியரிங் தம்பிகளும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அதே குவிக்சார்ட். லத்தீனும் கிரேக்கமும் படித்தவர் கொடுத்தது, தம்பிகளே.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். 1969-இல் ஹோர் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஒரு கட்டளை ஓடுவதற்கு முன் எது உண்மையாக இருக்க வேண்டும், ஓடி முடிந்ததும் எது உண்மையாகிறது, இந்த இரண்டையும் எழுதிவிட்டு, முன்னதிலிருந்து பின்னதற்கு விதிப்படி போக முடிகிறதா என்று பார். முடிந்தால் அந்தக் கட்டளை சரி. இப்படி வரி வரியாகக் கோத்துக்கொண்டே போனால் முழு புரோகிராமும் சரி என்று கணக்குத் தேற்றம் போலவே நிறுவலாம். இதற்கு ஹோர் தர்க்கம் என்றே பெயர். 1980-இல் கம்ப்யூட்டர் துறையின் உச்ச விருதான டூரிங் விருது.

இப்போது வெண்பாவை எடுங்கள். மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். மா, விளம், காய் என்பவை சீர் முடியும் வகைகள்; நேர், நிரை என்பவை அடுத்த சீர் தொடங்கும் அசைகள். ஒரு சீர் இப்படி முடிந்தால் அடுத்தது இப்படித்தான் தொடங்க வேண்டும். ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும். "வாசிச்சுப் பாத்தேன், காதுக்கு நல்லாத்தான் இருக்கு" என்று எந்தத் தமிழ் வாத்தியாரும் விடமாட்டார். சீர்களை அசை அசையாகப் பிரித்து அலகிட்டு, சீரும் சீரும் சேருகிற ஒவ்வொரு தளையாகப் பார்ப்பார். ஓரிடத்தில் தட்டினாலும் வெண்பா இல்லை. ஆக, அந்த அரங்கில் அந்தக் கேள்வியைக் கேட்க முழுத் தகுதியும் இருந்த ஒரே ஆளைத்தான் வெண்பா எழுதப் போகச் சொன்னார்கள். நல்ல பகடி.

குலசேகரத்தில் என் மாமாவுக்கு ரப்பர் கடை. ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் (ஒட்டிக் காய்ந்த ரப்பர் பால்) எடை போட்டு பில் அடிக்க ஒருத்தரிடம் சாஃப்ட்வேர் வாங்கினார். பட்டியலில் கடைசி வரியாக ஒட்டுப்பால் வந்தால் மட்டும் அந்த எடை கூட்டுத்தொகையில் சேராது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற அக்கா ஒருத்தர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு இதுல ரூவா கொறையுது மொதலாளி" என்றார். விற்றவரைக் கூப்பிட்டோம். பில் மேல் பில்லாகப் போட்டுக் காட்டினார். எதிலும் ஒட்டுப்பால் கடைசியில் இல்லை, எல்லாம் சரியாக வந்தது. "ஓடுதுல்லா, பின்ன என்ன?" ஹோர் வழியில் பார்த்தால் எழுத வேண்டியது இரண்டுதான்: கூட்டுகிற ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், இதுவரை பார்த்த வரிகளின் எடை முழுவதும் கணக்கில் இருக்கிறது, நிற்கும்போது எல்லா வரியும் பார்த்தாயிற்று. இந்த இரண்டையும் எழுதிப் பார்த்திருந்தால் கடைசியில் ஒட்டுப்பால் வந்தால் ஒரு வரி முன்னாலேயே நிற்கிறது என்று பில் போடாமலே தெரிந்திருக்கும். அந்த அக்கா பி.ஏ.கூட இல்லை, ஓய்.

இனி கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு.

"அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸில் பட்டப்படிப்பே கிடையாதே." கிடையாதுதான். அதனால்? ஹோருக்கு முன்பே, 1967-இல், இதற்கு வழி போட்ட அமெரிக்கக் கம்ப்யூட்டர் அறிஞர் ராபர்ட் ஃபிளாய்டின் முதல் பட்டமும் கலைப் படிப்புதான். டாக்டர் பட்டமே இல்லாமல் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியர் ஆனார். அந்த மேடை அவரையும் வெண்பா எழுத அனுப்பியிருக்கும்.

"ஹோர் பிறகு புள்ளியியல் படித்தாரே." படித்தார். இந்தப் பிள்ளையும் படிக்கட்டுமே, யார் தடுத்தது? நீங்கள்தானே.

"நிரூபணம் இல்லாமலே சாஃப்ட்வேர் நன்றாக ஓடுகிறதே என்று 1996-இல் ஹோரே எழுதினாரே." விவரமான ஆட்கள் கேட்பார்கள். ஆமாம், எழுதினார். அதே 1996 ஜூனில் ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி 40 நொடிக்குள் சிதறியது. 64 பிட் எண்ணை, அது கொள்ளாத 16 பிட் இடத்துக்குள் புரோகிராம் திணித்த ஒரு மாற்றம்தான் காரணம். 1998-இல் ஓட்டுநர் இல்லாமல் ஓடத் தொடங்கிய பாரிஸ் மெட்ரோ 14-ஆம் தடத்தில், பாதுகாப்புக்கான புரோகிராமைக் கணிதமுறையில் நிறுவிவிட்டுத்தான் ரயிலை விட்டார்கள். இதற்கு மேல் அவர்களோடு வாதாட எனக்குப் பொறுமை இல்லை.

"அவர் வசதியான வீட்டுப் பிள்ளை." இதைச் சொல்கிறவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். அப்பா காலனி அரசு அதிகாரி, அம்மா தேயிலைத் தோட்டக்காரரின் மகள். தென் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போய் அந்த இலங்கைத் தோட்டங்களில் கொழுந்து பறித்த குடும்பங்களில் தத்துவம் படிக்க யாரை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பினார்கள்? அதைத்தானே நானும் சொல்கிறேன்! அவர் கை தூக்கியபோது "என்ன மேஜர்" என்று கேட்டுச் சிரிக்க எதிரில் ஒரு அரங்கம் இல்லை. இங்கே மார்த்தாண்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து ரெண்டு பஸ் மாறி வருகிற பிள்ளைக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்கவே எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்?

எனக்குத் தெரியும். நான் பி.ஏ. வரலாறு. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில், சாஃப்ட்வேரில் பிழை தேடும் டெஸ்டராக இருந்த காலத்தில் விடியக்காலையில் நாகர்கோவில் ஜங்ஷனில் ரயிலேறிப் போவேன். நான் பிடித்த பிழையை மீட்டிங்கில் வேறொருவர் தன் பேரில் சொல்வார். நான் சொன்னால் மட்டும், "ஹிஸ்டரிக்காரரு கண்டுபிடிச்சாச்சு" என்று ஒரு சிரிப்பு. டெஸ்டிங் பிழை இருப்பதைக் காட்டும், இல்லை என்பதைக் காட்டவே காட்டாது என்று டச்சுக் கம்ப்யூட்டர் அறிஞர் டைக்ஸ்ட்ரா சொன்னதைச் சாப்பாட்டு மேசையில் ஒருமுறை சொன்னேன். "உமக்கு எதுக்கு வேய் இதெல்லாம்?" சொன்னவர் நம்மூர்க்காரர்தான். இன்றைக்கு அந்த வீடியோவுக்குக் கீழே "செம பதிலடி சார்" என்று போட்டிருப்பவரும் அவர்தான். நான் பார்க்கமாட்டேன் என்று நினைத்திருப்பார்.

அந்தப் பிள்ளையைத் தெரிந்தவர்கள் யாராவது இதைக் காட்டுங்கள். ஹோரின் 1969 கட்டுரையின் அச்சுப்பிரதி என்னிடம் இருக்கிறது, பென்சிலில் தமிழில் குறிப்பும் எழுதி வைத்திருக்கிறேன். வடசேரி பக்கம் வந்தால் கையோடு கொடுத்துவிடுவேன். "செம பதிலடி" அண்ணாச்சி மட்டும் என்னை அன்ஃபிரெண்ட் செய்துவிடும். நான் செய்தால் நாளைக்கு அதற்கும் ஒரு கதை சொல்வீர்.