ஆள் இல்லாத மூன்றாம் வகுப்புப் பெட்டி

ஆங்கில ஓவியர் எரிக் ரவிலியஸ் இரண்டாம் உலகப்போரின்போது, 1940இல் வரைந்த 'டிரெயின் லேண்ட்ஸ்கேப்' என்ற நீர்வண்ணப் படத்தை யாருக்காவது காட்டினால் முதலில் வருவது ஒரே கேள்விதான்: "போர்க்காலப் படம் என்கிறாய், இதில் போர் எங்கே?" நியாயமான கேள்வி. ஒரு ரயில் பெட்டியின் உட்புறம், ஜன்னல்கள், வெளியே தென் இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மேய்ச்சல் நிலம், தூரத்துக் குன்றின் சரிவில் வெட்டிய வெள்ளைக் குதிரை. அவ்வளவுதான். பெட்டியில் ஆளே இல்லை.

பெட்டியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். கதவில் 3 என்ற எண். மூன்றாம் வகுப்பு. (மூன்றாம் வகுப்புக்கே மெத்தை இருக்கை, அதிலும் பூவேலை செய்த துணி!) கதவின் நடுவே தோல் பட்டை ஒன்று தொங்குகிறது. அந்தக் காலத்து ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்குவதற்கான பட்டை அது. அதில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். எவ்வளவு திறக்க வேண்டுமோ அந்த ஓட்டையை முளையில் மாட்டிவிட வேண்டும். தினமும் ஆயிரம் பேர் கை பட்ட அந்தப் பட்டைக்கு, வெளியே தெரியும் குன்றுக்குக் கொடுத்த அதே கவனத்தைக் கொடுத்திருக்கிறார். இந்தப் படத்தில் எனக்கு முதலில் பிடித்துப்போனது அதுதான்.

ரவிலியஸ் அடிப்படையில் மர அச்சுக்காரர், அதாவது மரக்கட்டையில் படம் செதுக்கி அச்சிடுபவர். 1938இல் விஸ்டன் கிரிக்கெட் ஆண்டு மலரின் அட்டைக்கு வந்த, உயரத் தொப்பி போட்ட இரண்டு ஆட்டக்காரர்கள் அவர் செதுக்கியவர்கள்தான். அந்தப் பழக்கம் தூரிகையிலும் தெரியும். வண்ணத்தை வழியவிட மாட்டார். உலர்ந்த தூரிகையால் சின்னச் சின்னக் கோடுகளாக இழுத்து, நடுவில் தாளின் வெண்மையை அப்படியே விட்டுவைப்பார். வில்ட்ஷயர் போன்ற சுண்ணாம்புப் பாறை நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான கை கிடைக்காது. அங்கே மலைமேல் குதிரை வரைவதும் அதே வேலைதானே? புல்லைச் சுரண்டி எடுத்தால் அடியில் இருக்கும் வெள்ளை தானாகத் தெரியும்.

சரி, போருக்கு வருவோம். 1939இன் கடைசியில், போர் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தபோது, குன்றுகளில் இப்படி வெட்டிய சுண்ணாம்பு உருவங்களை ஒவ்வொன்றாகத் தேடிப்போய் வரைந்தார். பஃபின் பதிப்பகத்தின் குழந்தைகள் படப் புத்தகம் ஒன்றுக்கான வேலை. புத்தகம் வெளிவரவே இல்லை. வானத்திலிருந்து பார்த்தால் அந்த வெள்ளை உருவங்கள் ஜெர்மன் விமானிகளுக்கு நல்ல அடையாளம். அதனால் அஃபிங்டன் குதிரையை மூடி மறைத்தார்கள். குன்றில் வெட்டிய இன்னொரு உருவமான வில்மிங்டன் மனிதனுக்குப் பச்சை வண்ணம் பூசினார்கள். 1940இல் சாலைகளின் வழிகாட்டிப் பலகைகளையும் கழற்றிவிட்டார்கள். ஊர் தன் அடையாளங்களை ஒளித்துவைத்த அதே ஆண்டின் படத்தில் ஒரு வெள்ளைக் குதிரை பளிச்சென்று நிற்கிறது. என்னைக் கேட்டால், போர் இங்கேதான் இருக்கிறது.

"நாடே பற்றி எரியும்போது காலி ரயிலை வரைந்தவர்" என்று இவரை ஒதுக்குவது சரியில்லை. அதே 1940இல் அரசின் அதிகாரபூர்வப் போர் ஓவியராக நார்வே கடல்வரை போனார். அங்கே அவர் வரைந்த விமானந்தாங்கிக் கப்பல் குளோரியஸை ஜூன் 8ஆம் தேதி ஜெர்மன் கப்பல்கள் மூழ்கடித்தன. 1942 செப்டம்பர் 2 அன்று ஐஸ்லாந்தில், காணாமல்போன விமானம் ஒன்றைத் தேடக் கிளம்பிய விமானத்தில் ஏறினார். அதுவும் திரும்பவில்லை. வயது 39.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் உடனே, "பார்த்தீர்களா, காலி இருக்கையில் தன் மரணத்தை முன்கூட்டியே வரைந்துவிட்டார்" என்று கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு இந்த வகை வாசிப்பில் துளியும் உடன்பாடில்லை. போருக்கு முன்பும் அவர் ஆளில்லாத அறைகளையும், காலிக் கட்டில்களையும், யாரும் உட்காராத தேநீர் மேசைகளையும் வரைந்துகொண்டுதான் இருந்தார். அது அவர் சுபாவம். அதற்குள் சோதிடத்தைத் திணிக்க வேண்டாம்.

இன்னொன்று. இது ரயிலில் போகும்போது பார்த்ததை அப்படியே வரைந்த காட்சி இல்லை, ஒட்டுப்படம். சரியாக வராத இரண்டு படங்களை வெட்டிச் சேர்த்தது அவர் மனைவி டிர்சா கார்வுட்; அவரும் தேர்ந்த மர அச்சுக் கலைஞர். ஜன்னலுக்கு வெளியே முதலில் இருந்த வில்மிங்டன் மனிதன் போய், இப்போது நாம் பார்க்கும் வெஸ்ட்பரி குதிரை வந்தது. இன்றைக்குத் தேநீர்க் கோப்பையிலும் நாட்காட்டியிலும் "பழைய நல்ல இங்கிலாந்து" என்று விற்கப்படும் இந்தப் படத்துக்குள் ஒரு பெண்ணின் கத்தரிக்கோல் இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

மூலப்படம் ஸ்காட்லாந்தில், அபர்டீன் கலைக்கூடத்தில் இருக்கிறது. இணையத்தில் பார்ப்பவர்கள் கூடவே 1939இல் அவர் வரைந்த 'தி வெஸ்ட்பரி ஹார்ஸ்' படத்தையும் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் நாம் குன்றின் மேல், குதிரையின் பக்கத்தில் நிற்கிறோம். கீழே சமவெளியில் புகைவிட்டபடி ஒரு ரயில், விரல்நுனி அளவுக்கு. அந்த ரயிலைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, அப்புறம் இந்தப் பெட்டிக்குள் ஏறுங்கள்.