காந்தம் ஒட்டினால் போலி எவர்சில்வரா?

"கிரைண்டர் வாங்கப் போனா காந்தம் கொண்டு போங்க, டிரம்மில் ஒட்டினா போலி எவர்சில்வர்" என்று கோவை, ஈரோடு பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

எவர்சில்வரைத் துருவிலிருந்து காப்பது குரோமியம். இரும்போடு அது 10.5 சதவீதமாவது சேர்ந்தால் மேலே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உருவாகும். கீறினாலும் காற்றுப் பட்டதும் தானே மூடிக்கொள்ளும். காந்தத்துக்கு இதில் வேலையே இல்லை.

எவர்சில்வரில் பல ரகங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். 304 ரகத்தில் சுமார் 8 சதவீதம் நிக்கல் இருப்பதால் அணுக்களின் அடுக்கு மாறி, காந்தம் ஒட்டாது. நிக்கல் சேர்க்காத 430இல் ஒட்டும். இரண்டும் அசல்தான். 304 தகட்டையே அழுத்தி வளைத்தால், அந்த விளிம்பில் காந்தம் லேசாக இழுக்கும்.

அப்புறம், நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவான 200 வரிசை ரகங்களிலும் காந்தம் ஒட்டாது; ஆனால் உப்பு பட்டால் 304ஐவிடச் சீக்கிரம் கறை பிடிக்கும். கடையில் ரக எண்ணைக் கேளுங்க.